ஒரு கரண்டியைக் கழுவினால் கடையே சுத்தம்

நாற்காலியை வைத்துத்தான் உங்களுக்கும் ப்ரோக்ராமில் க்ளாஸ் என்றால் என்ன என்று சொல்லித் தந்திருப்பார்கள். நாற்காலிக்கு நான்கு கால், ஒரு நிறம், ஒரு உயரம். அடுத்தது மேசை. மேசைக்கும் நான்கு கால் இருப்பதால் இரண்டுக்கும் பொதுவாக மரச்சாமான் என்று ஒரு தாய் க்ளாஸ். மின்விசிறிக்குச் சுற்று, நில் என்று இரண்டே வேலை. பாடம் முடிந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கென்று கொச்சியில் காக்கநாட்டுக்கு வந்து இறங்கிவிடுகிறீர்கள். அந்த நாற்காலியில் இதுவரை ஒருத்தர்கூட உட்கார்ந்ததில்லை. அந்த விசிறி எந்த மழைக்காலத்திலும் துருப்பிடித்துக் கிரீச்சிட்டதில்லை.

ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் செல்விச்சேச்சி என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு நான் சரியான ஆள் இல்லை, அது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கேட்டது அவர்கள் தப்பு. ஒரே ஒரு க்ளாஸைப் பற்றிச் சொல்கிறேன். நாற்காலியைவிடக் கொஞ்சம் கனமானது.

நான் மட்டாஞ்சேரிக்காரி, அதே கொச்சியின் பழைய பக்கம். அப்பாவுக்கு மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். என் தமிழில் மலையாள வாடை அடிக்கும், பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் பஜார் ரோட்டில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் மிளகுக்கும் சுக்குக்கும் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே க்ளாஸும் கிடையாது, ஆப்ஜெக்டும் கிடையாது. மூட்டை வந்தது, மூட்டை போனது. அந்த ஆபீசை மூடினார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதே தெருவில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் புதிதாக சாஃப்ட்வேர் கம்பெனி திறந்தவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். பெங்களூரில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். கீழே மிளகு புடைக்கிற தூசிக்கு நாள் முழுக்கத் தும்முவார், இரண்டு தும்மலுக்கு நடுவில் எங்களுக்கு ஆப்ஜெக்ட் பற்றி உபதேசம் செய்வார். சாயா வந்தால் அது ஆப்ஜெக்ட். சாயா கொண்டுவந்தவர் ஆப்ஜெக்ட். உலகமே தனக்கு ஒரு க்ளாஸ் எழுதித் தரச் சொல்லி சாரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழியைப் பிடித்ததும் அவர்தான். மொழி நல்ல மொழி, அதோடு எனக்குச் சண்டையில்லை. சாருக்கு அதில் பிடித்தது அது சும்மா கிடைக்கிறது என்பதுதான்.

எங்களிடம் வந்த முதல் உருப்படியான வாடிக்கையாளர் ஹம்சாக்கா. அக்கா இல்லை, இக்கா; எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். கல்யாணம், நிக்காஹ், பெருநாள், திருவிழா, எதுவானாலும் அண்டாவும் உருளியும் கரண்டியும் அவர் கடையிலிருந்து கைவண்டியில் போகும், மறுநாள் திரும்பி வரும். அவருடைய வாப்பா தொடங்கிய கடை.

மட்டாஞ்சேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனால் அங்கே அடுப்பு வேறு. இங்கே பிரியாணி, அங்கே கொங்கணிச் சாப்பாடு, அதற்கு அடுத்தது குஜராத்திகளின் தெரு. அவர்களில் சில வீடுகளில் வெங்காயமும் பூண்டும்கூட அடுக்களைப் படி ஏறாது. இத்தனை பேரும் பாத்திரம் எடுப்பது ஹம்சாக்காவிடம். அவர் கடைக்கு இடது பக்கம் ஒரு கிடங்கு, வலது பக்கம் ஒரு கிடங்கு. இடதில் இறைச்சியும் மீனும் வெந்த பாத்திரங்கள். வலதில் அந்த வாசனையே அறியாதவை. கழுவுகிற ஆட்கள் வேறு, தேய்க்கிற தேங்காய்நார்கூட வேறு. வலதிலிருந்து போன ஒரு அண்டாவில் யாராவது தெரியாமல் மீனை வைத்துவிட்டால் அது நேராக இடது கிடங்குக்குப் போகும், அப்புறம் திரும்பி வராது.

குஜராத்தி வீடுகளில் ஹம்சாக்காவிடம் எதையும் கேட்க மாட்டார்கள். ஹம்சா கொடுத்தாரா, சரி, அடுப்பில் ஏற்று. அவ்வளவுதான். வாப்பா காலத்திலிருந்து வந்த அந்த வாக்குதான் அவருக்குக் கடை. அண்டா யாரிடமும் இருக்கும்.

அவர் எங்கள் மாடிக்கு வந்து சொன்னது எளிய விஷயம். எந்தப் பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்று கம்ப்யூட்டர்ப் பெட்டி சொல்ல வேண்டும். இறைச்சி ஏறின பாத்திரம் மரக்கறி வீட்டுக்குப் போகாமல் பெட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். சார் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. வீட்டுப் பொருள்களை வைத்து க்ளாஸ் எழுத அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது, இப்போது ஒரு கடை நிறைய வீட்டுப் பொருள்.

க்ளாஸ் என்றால் அச்சு, அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். ஒரே குழலில் தள்ளினாலும் ஒவ்வொரு புட்டும் தனிப் புட்டுதான். சார் எழுதியதில் 'வீட்டுப் பொருள்' என்று ஒரு தாய் க்ளாஸ். அதன் கீழே அண்டா, உருளி, கரண்டி, தட்டு, தேங்காய்த் துருவி என்று பிள்ளைகள். ஒவ்வொன்றும் வாடகைக்குப் போகும், திரும்பி வரும், கழுவப்படும். பாத்திரத்தில் என்ன சமைத்தார்கள் என்று ஒரு பட்டியல். அதில் இறைச்சி இருந்தால் திரையில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கழுவினால் பட்டியல் காலி.

கடைசி வரி எனக்கு உறுத்தியது. கழுவினால் அழுக்குத்தான் சார் போகும், முன்னாடி என்ன வெந்தது என்பது எப்படிப் போகும், இக்கா கேட்பதே அதைத்தானே என்றேன். சார் ஒரு தும்மல் போட்டுவிட்டு, அடுக்களையை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வராதே செல்வி என்றார். க்ளாஸ் பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். அதோடு பேச்சு முடிந்தது, ஏனென்றால் கம்பெனி அவருடையது. உங்கள் தொழிலில் அழகு என்ற சொல்லை யாராவது எடுத்தால் உடனே கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதை மறைக்கிறார் என்று பாருங்கள்.

கடையில் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் காதிலும் எண் குத்தினார்கள். திரையில் பச்சை ஒளிர்ந்தது. ஹம்சாக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அங்கேதான் சார் தன் இரண்டாவது புத்திசாலித்தனத்தைக் காட்டினார். ஒவ்வொரு பாத்திரத்தின் பூர்வோத்தரமும் பெட்டிக்குத் தெரியும்போது இரண்டு கிடங்கு எதற்கு இக்கா, ஒன்றை வாடகைக்கு விடுங்கள் என்றார். இக்காவுக்கும் அது நியாயமாகப் பட்டது. வலது கிடங்கு காலியாயிற்று. பழைய பூட்டையும் உடைந்த துடுப்பையும் பாலிஷ் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற ஒருவர் அதில் குடியேறினார். பாத்திரங்கள் எல்லாம் இடது கிடங்கில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின.

அப்போது மழைக்காலம். குஜராத்தி வீடுகளில் மழைக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மற்ற வீடுகளில் நிக்காஹ் நடந்தது, பிரியாணி வெந்தது. கையில் அகப்பட்ட அண்டாவெல்லாம் போயிற்று, வந்தது. பெட்டி பச்சை காட்டியது.

மழை விட்டு, குஜராத்தித் தெருவில் அந்தப் பருவத்தின் முதல் கல்யாணம். அங்கே எல்லாரும் சேட்டு என்று கூப்பிடுகிற பெரியவரின் மூத்த மகளுக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நான் ஹம்சாக்கா கடைக்குப் போனது ப்ரின்டர் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டதால். அதைச் சரி செய்துவிட்டு, சும்மா சோதித்துப் பார்க்க, அன்று காலை ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து திரும்பியிருந்த அண்டா ஒன்றைப் பெட்டியில் ஏற்றி, சமைத்தது இறைச்சி என்று தட்டினேன்.

திரை முழுக்கச் சிவப்பாயிற்று. அந்த அண்டா மட்டுமில்லை. எல்லா அண்டாவும், உருளியும், தேங்காய்த் துருவியும், இன்னும் கட்டுப் பிரிக்காத புதுத் தட்டுகளும் சிவப்பு. பெட்டிக்கு முன்னால் வழக்கமாக உட்காருகிற கடைச் சிப்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு, இது எப்பவும் வர்றதுதான் சேச்சி, கழுவாதது ஏதோ கிடக்குன்னு அர்த்தம் என்றார். கைக்கு வந்த ஒரு கரண்டியின் எண்ணைப் போட்டு, கழுவியாச்சு என்று தட்டினார். அத்தனையும் பச்சையாயிற்று.

ஒரு கரண்டியைக் கழுவியதும் கடையே சுத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போயிற்று.

ப்ரோக்ராமைத் திறந்தேன். சமைத்ததைக் குறிக்கிற பட்டியலை சார் தாய் க்ளாஸின் நெற்றியில் எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சீட்டுத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். சார் வார்டு வாசலில் ஒரே ஒரு சீட்டைத் தொங்கவிட்டிருந்தார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வார்டுக்கே காய்ச்சல். ஒருத்தருக்குக் குணமானால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். பாத்திரம் பிறக்கும்போதே செல்ஃப் என்று ஒரு சொல்லைப் போட்டு அதற்கென்று தனிப் பட்டியல் கொடுத்திருந்தால் தீர்ந்தது. பைத்தானில் இரண்டாம் வாரம் படிக்கிற விஷயம். பெங்களூர்ப் பண்டிதருக்கு அது தெரியவில்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சாயங்காலம் கடை மூடும்போது கோப்பில் சேமிப்பது பாத்திரங்களை மட்டும்தான். வாசல் சீட்டு அதில் சேராது. ஆகவே காலையில் பெட்டியைப் போட்டதும் எல்லாம் மறுபடி பச்சை. மழைக்காலம் முழுக்க எந்த அண்டாவில் என்ன வெந்தது என்பதற்கு எங்குமே தடயமில்லை.

சேட்டு வீட்டுக்குப் பாத்திரம் எப்போது போகும் என்று கேட்டேன். காலையிலேயே போயாச்சு என்றார் சிப்பந்தி.

சாருக்கு ஃபோன் போட்டேன். அவர் எர்ணாகுளத்தில் இருந்தார். அங்கே ஒரு பெரிய வாடகைக் கடைக்காரரிடம் இதே ப்ரோக்ராமைக் காட்டி விற்கப் போயிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பதறவேயில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பாத்திரமெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததுதானே, கழுவினால் சுத்தம், அது விஞ்ஞானம், அப்புறம் என்ன என்றார். ப்ரின்டர் சரியாயிற்று என்று மட்டும் இக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு, அந்த வரியை நான் பிறகு திருத்திக்கொள்கிறேன் என்றார்.

"நாலு பேருக்குத் தெரியாமப் போனா யாருக்கு என்ன நஷ்டம் செல்வி?"

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆசாரத்தில் துளி நம்பிக்கை கிடையாது. என் வீட்டில் ஒரே சட்டியில் நேற்று மத்திக் கறி, இன்றைக்குச் சாம்பார். யாரும் செத்துப் போகவில்லை. கழுவினால் சுத்தம் என்பதில் நானும் சாரும் ஒரே கட்சி. ஃபோனை வைத்துவிட்டு நின்றபோது என்னைப் பிடுங்கித் தின்றது அதுதான். சார் சொன்னதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் கோபம் மண்டைக்கு ஏறியது. சாப்பிடப் போகிறது நானில்லை, சாரும் இல்லை. எதைச் சாப்பிடலாம் என்று அந்த வீட்டுக்காரர்கள் முடிவு பண்ணியிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றித் தருவதாக இக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கைக் காப்பாற்றித் தருவதாக நாங்கள் அவரிடம் காசு வாங்கியிருக்கிறோம். அவர்களுடைய நம்பிக்கை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எங்களை யார் கூப்பிட்டார்கள்? நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். பயன்படுத்துகிறவன் முட்டாள், எனக்கு விஞ்ஞானம் தெரியும் என்று காதில் யாரோ ஓதுவார்கள். பெரும்பாலும் அது உங்கள் மேலதிகாரியாக இருக்கும்.

ஹம்சாக்கா சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் சீட்டு, கரண்டி, பச்சை, ஃபோனில் சார் சொன்னது, ஒன்று விடாமல். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் அண்டாக்கள் அடுக்கியிருந்த கிடங்கைப் பார்த்தபடி, எது எதுன்னு ஏதாவது ஒண்ணையாவது உறப்பா, நிச்சயமாச் சொல்ல முடியுமா மோளே என்று மட்டும் கேட்டார். முடியாது இக்கா என்றேன். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நானும் கூடப் போனேன். எங்கள் ப்ரோக்ராம் பண்ணிய கூத்துக்கு அவர் தனியாகப் போய் நிற்பதா?

சேட்டு வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. நான்கு அடுப்பிலும் ஹம்சாக்காவின் அண்டாக்கள். மறுநாள் இனிப்புக்காகப் பால் காய்ந்துகொண்டிருந்தது, ஏலக்காய் வாசனை தெருவரைக்கும் வந்தது. இக்கா கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று சேட்டைக் கூப்பிட்டனுப்பினார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், கல்யாணக் களையோடு சிரித்துக்கொண்டே வந்தார். உள்ளே வாயேன் ஹம்சா என்றார்.

"சேட்டே, என் பாத்திரத்தை அடுப்புலேர்ந்து இறக்கணும். அதுல எறச்சி வெந்ததும் இருக்கலாம். எது எதுன்னு எனக்குத் தெரியல."

சேட்டின் சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நின்றது. எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். பெட்டியை நம்பி ரெண்டு கிடங்கை ஒண்ணாக்கினது நான்தான் என்றார் இக்கா. எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் குறுக்கே புகுந்து, ப்ரோக்ராம் எழுதினவர் செய்த தப்பு, கம்ப்யூட்டரை மூடினால் மறந்துவிடும் என்று என்னவோ உளறினேன். சேட்டு என் பக்கம் திரும்பவேயில்லை.

"நீ வந்து சொல்லாட்டி எனக்குத் தெரியவே போறதில்லையே ஹம்சா" என்றார்.

"எனக்குத் தெரியுமே சேட்டே."

அடுப்புகளை அணைத்தார்கள். சமையல்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், வீட்டுப் பெண்களில் ஒருத்தி அழுதாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அவரவர் அடுக்களையிலிருந்து பாத்திரம் எடுத்தார்கள். ஒரு வீட்டில் பருப்பு, ஒரு வீட்டில் கிழங்கு, பக்கத்து வீட்டில் பூரி என்று பிரித்துக்கொண்டு, மறுநாள் பந்தி முழுக்கச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் வந்து சேர்ந்தது. காய்ந்த பாலைக் கொட்ட சேட்டுக்கு மனசு வரவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். எங்கள் தெரு முழுக்க அன்று அந்த ஏலக்காய்ப் பாலைத்தான் குடித்தது. நானும் ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு போனேன், வெட்கமில்லாமல்.

ஹம்சாக்கா கிளம்பத் திரும்பியபோது சேட்டு சொன்னது இது.

"இனி உன் பாத்திரம் இந்த வீட்டுக்கு வேண்டாம். நாளைக்கு நீ சாப்பிட வரணும்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டையும் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இக்கா மறுநாள் வெள்ளை உடுத்திக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் அவர் கடைக்குப் பாத்திரம் கேட்டு வரவில்லை.

கல்யாணம் முடிந்த வாரத்தில் இக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெட்டியைத் தூக்கித் தெருவில் போடச் சொல்வார் என்றுதான் போனேன்.

"அந்தப் பெட்டியில பச்சையும் சிவப்பும் மட்டுந்தானா மோளே? தெரியாதுன்னு சொல்ல ஒரு நிறம் கிடையாதா?"

இத்தனை வருஷத்தில் எந்த எஞ்சினியரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நிறம் இருந்தது. பைத்தானில் உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் வெளியே, தகவலே இல்லை என்று சொல்ல ஒரு சொல் தனியாகவே இருக்கிறது, சார்தான் அதைத் தொடவில்லை. நான் அந்த க்ளாஸை அடியோடு பிரித்து மறுபடி எழுதினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிப் பட்டியல், அணைத்தாலும் அழியாது. கழுவினால் கழுவியது என்று ஒரு வரி கூடும், எதுவும் குறையாது. பழசு தெரியாத பாத்திரத்துக்குச் சாம்பல் நிறம். முதல் தடவை ஓட்டியபோது கடையில் இருந்ததெல்லாம் சாம்பல். இக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார். அத்தனையையும் இறைச்சிப் பாத்திரமாகவே வைத்துக்கொண்டார். மரக்கறி வீடுகளுக்குப் புதுசு வாங்கினார். துடுப்புக்காரர் கிடங்கைக் காலி செய்ய மாட்டேன் என்றதால் புதியவற்றைத் தன் வீட்டு முன்னறையில் அடுக்கினார். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சேட்டு வீடு வரவில்லை.

சார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு என்ன, நன்றாக இருந்தார். கம்பெனி ரகசியத்தை வாடிக்கையாளரிடம் உளறிவிட்டேன் என்று என் மேல் பாய்ந்தார். நீங்களும் உங்கள் ரகசியமும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அப்புறம்தான் காக்கநாட்டில் வேலை கிடைத்தது. சாருடைய பழைய க்ளாஸை எர்ணாகுளத்துப் பெரிய கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அதோடு சார் ஒரு புது யோசனையும் சேர்த்துக் கொடுத்தாராம். திரையில் பச்சை வந்தால் பாத்திரத்தின் காதில் ஒரு பச்சை அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும், வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும். பிற்காலத்தில் பயிற்சி வகுப்பு நடத்தப் போய்விட்டார். 'வீட்டுப் பொருள்' என்ற தாய் க்ளாஸ், கழுவினால் காலியாகும் பட்டியல், பக்கத்தில் ஒரு அண்டாப் படம். உங்களில் சிலர் அந்தப் பாடத்தைப் படித்துத் தேறித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். ஓய்வுக்கு முன் நான் கடைசியாக உட்கார்ந்த நேர்முகத் தேர்வில் நீங்கள் அதை எழுதிக் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்த வருஷம் சேட்டின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். அன்று எனக்கு விடுமுறை. ஹம்சாக்கா கடையில் பெட்டியைப் பார்த்துக்கொடுத்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி எர்ணாகுளத்திலிருந்து ஒரு லாரி வந்து, தெரு குறுகலாக இருந்ததால், கடைக்கு நேர் எதிரே சிக்கிக்கொண்டு நின்றது. பின்னால் அண்டாக்களும் உருளிகளும். ஒவ்வொன்றின் காதிலும் ஒரு பச்சை அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய் லாரிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். சேட்டு வீட்டுக்குத்தான் போகிறதாம். இந்த அட்டை என்னத்துக்கு என்று கேட்டேன். கழுவினதும் கம்ப்யூட்டர் பச்சை காட்டும் சேச்சி, உடனே கட்டிடுவோம் என்றார் பெருமையாக.

திரும்பி வந்தேன். இக்கா எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டிருந்தார்.

"அதே பச்சைதானா மோளே?"

"அதே பச்சைதான் இக்கா." செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். "இப்போ நீங்க போய்ச் சொன்னா, வாடிக்கை கை விட்டுப் போன எரிச்சல்ல வந்து பேசறான்னு சொல்லுவாங்க."

லாரி முன்னும் பின்னும் ஆடி ஒருவழியாகத் தெருவுக்குள் திரும்பியது. ஹம்சாக்கா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார், பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார், அவிழ்த்து மறுபடி போட்டார்.

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.